பயோஃபீட்பேக், நியூரோஃபீட்பேக்: மதுரைப் பகுதிச் சிகிச்சையாளர்கள் முறையாகப் பயிற்சி பெறுவது எப்படி?

பயோஃபீட்பேக் கருவி விற்கும் பிரதிநிதி ஒருவர் மடிக்கணினியுடன் சிகிச்சை அறைக்கு வருகிறார். நம் விரலிலேயே உணரியை மாட்டி, திரையில் கோடு ஏறி இறங்குவதைக் காட்டிவிட்டுப் போகிறார். சில வாரங்களில் கருவி வந்து சேர்கிறது. அதன் பிறகுதான் அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இந்தத் துறைக்குள் வரும் உளவியலாளர்கள், இயன்முறை மருத்துவர்கள் பலரும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதல் ஆண்டில் என்னிடம் வந்த பத்து வயதுச் சிறுவனின் பீட்டா அலை (விழிப்போடு இருக்கும்போது எழும் வேகமான மூளை அலை) வாரத்துக்கு வாரம் உயர்ந்துகொண்டே போனது. அதை முன்னேற்றம் என்று நம்பி அவன் பெற்றோரிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன். பின்னர் அந்தப் பதிவுகளை மூத்த பயிற்சியாளர் ஒருவரிடம் காட்டியபோது, அது மூளையின் அலையே அன்று, பையன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் எழுந்த தாடைத் தசையின் மின்சமிக்ஞை என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். உசிலம்பட்டியிலிருந்து வாரம் இருமுறை பேருந்தில் வந்துபோன அந்தக் குடும்பத்தை மறுபடி உட்கார வைத்து உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. கருவி வாங்கும் எண்ணத்தில் இருக்கும் இளைய சிகிச்சையாளர்கள் அந்த நிலைக்கு வராமல் இருக்க, பயிற்சியை எந்த வரிசையில் பெறுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

மூலத் தொழில் முதலில்

உடலில் தானாக நடக்கும் ஒன்றை, அதாவது விரலின் வெப்பம், தசையின் இறுக்கம், இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம், வியர்வைச் சுரப்பு போன்றவற்றை அளந்து, அந்த நொடியே அந்த மனிதருக்குக் காட்டி, அதை அவரே மாற்றக் கற்றுக்கொள்ளச் செய்வது பயோஃபீட்பேக். அளக்கப்படுவது மூளையின் மின்னலையாக இருந்தால் அது நியூரோஃபீட்பேக். இது தனித் தொழில் அன்று. ஏற்கெனவே சிகிச்சை அளிக்கத் தகுதி பெற்றவர் கையில் எடுக்கும் ஒரு முறை. ஆகவே, உங்கள் மூலத் தகுதி எந்த நோயைக் கையாள அனுமதிக்கிறதோ அந்த எல்லைக்குள்தான் இந்தக் கருவியும் நிற்க வேண்டும்.

மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்வதற்கு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு தேவை. இயன்முறை மருத்துவர்கள், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் ஆகியோருக்கு 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் சட்டம் பொருந்தும். உளவியலில் முதுகலை மட்டும் முடித்தவர்கள், பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றியே இதைக் கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தலைவலி என்று வந்தவரின் நெற்றியில் உணரியை ஒட்டுவதற்கு முன்னால், அது தசை இறுக்கத்தால் வரும் தலைவலிதானா, உடனே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய ஒன்றா என்று பிரித்தறியும் கண் வேண்டும். அந்தக் கண்ணைக் கருவியின் கையேடு தராது. இரண்டு நாள் பயிலரங்கின் சான்றிதழும் தராது.

எதைப் படிப்பது, எவ்வளவு படிப்பது

உலக அளவில் பெரிதும் ஏற்கப்படும் சான்றிதழை வழங்குவது அமெரிக்காவில் 1981இல் தொடங்கப்பட்ட பி.சி.ஐ.ஏ. என்னும் பயோஃபீட்பேக் சான்றளிப்பு அமைப்பு. பொது பயோஃபீட்பேக், நியூரோஃபீட்பேக், சிறுநீரையும் மலத்தையும் அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளின் கோளாறுகள் என மூன்று தனித்தனிச் சான்றிதழ்கள் அதில் உள்ளன. பொது பயோஃபீட்பேக்குக்கு 42 மணி நேரப் பாடமும், நியூரோஃபீட்பேக்குக்கு 36 மணி நேரப் பாடமும், முன்னதற்கு உடற்கூறு மற்றும் உடலியங்கியலிலும் பின்னதற்கு நரம்பு உடற்கூற்றியலிலும் ஒரு முழுப் பாடநெறியும் கேட்கப்படுகின்றன. அதற்கு மேல், அனுபவம் வாய்ந்த வழிகாட்டி ஒருவருடன் நேரடியாகவோ இணையவழியாகவோ அமர்ந்து, நம் நோயாளிகளின் பதிவுகளை அவர் முன் வைத்துப் பேச வேண்டும். இறுதியில் எழுத்துத் தேர்வு உண்டு. சான்றிதழை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விதிகளையும் டாலரில் கட்ட வேண்டிய கட்டணத்தையும் விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சான்றிதழ் தொழில் உரிமம் அன்று என்பதை அந்த அமைப்பே தெளிவாகச் சொல்கிறது. உரிமம் என்பது மேலே சொன்ன மூலத் தொழிலின் பதிவுதான்.

பாடப் பகுதியை மதுரையில் இருந்துகொண்டே இணையவழியில் முடித்துவிடலாம். இரவு 8 மணிக்கு நாம் அமர்ந்தால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அது காலை நேரம். எனவே வழிகாட்டியுடன் பேசுவதற்கு வெளிநோயாளிகள் வரும் நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கைப்பழக்கம் இணையத்தில் வராது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் நியூரோஃபீட்பேக் பணி நடந்து வந்திருக்கிறது. மதுரையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் போய்ச் சேரக்கூடிய அத்தகைய இடங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்தால் சில நாள்கள் அருகில் நின்று பார்ப்பது, பல மணி நேரக் காணொளிகளைவிடப் பயன் தரும்.

முதல் நோயாளி நீங்கள்தான்

பொது பயோஃபீட்பேக், நியூரோஃபீட்பேக் ஆகிய இரண்டு சான்றிதழ்களுமே பயிற்சி பெறுபவர் தம் உடலில் பத்து அமர்வுகளாவது செய்து பார்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பலர் இதை ஒப்புக்குச் செய்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் முழுப் பயிற்சியிலும் மிக முக்கியமான பகுதி இதுவே. விரலில் வெப்ப உணரியை மாட்டிக்கொண்டு, சூடேற வேண்டும், சூடேற வேண்டும் என்று முனைந்து பாருங்கள். விரல் குளிர்ந்துகொண்டே போகும். முனைப்பு, உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டி விரலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. முயற்சியை விட்டு, நடப்பதை நடக்கவிட்டுக் கவனித்துக்கொண்டு மட்டும் இருக்கும்போது வெப்பம் மெல்ல ஏறத் தொடங்கும். இந்த ‘முயலாமல் முயல்வது’ எப்படி இருக்கும் என்பதைத் தம் விரலில் உணராதவர், எதிரே அமர்ந்திருப்பவருக்கு அதைச் சொல்லித் தர முடியாது. ‘ரிலாக்ஸ் பண்ணுங்க’ என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவரை மேலும் இறுக்கமாக்கத்தான் முடியும்.

வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் விரல் வெப்பம். அடுத்து நெற்றி, தோள்பட்டைத் தசைகளின் மின்னளவு. அதன்பின் மூச்சும் இதயத் துடிப்பும். மூளை அலைகள் கடைசியில் வரட்டும். மற்றச் சமிக்ஞைகளில் கை பழகாதவர் நேராக மூளை அலைக்குப் போனால் தசையையும் மூளையையும் பிரித்தறிய மாட்டார். என் பிழை அதுதான்.

நம் ஊரில் சமிக்ஞை கெடும் வழிகள்

பயிற்சி நூல்கள் குளிர்ந்த நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் விரல் வெப்பத்துக்கு 35 டிகிரி செல்சியஸ், அதாவது 95 டிகிரி ஃபாரன்ஹீட், ஓர் இலக்காகச் சொல்லப்படுகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்தவரின் விரல், எந்தப் பயிற்சியும் இல்லாமலே அந்த அளவைத் தொட்டுவிடும். அதைத் தேர்ச்சி என்று குறித்துக்கொண்டால் ஏமாறுவது நாமும் அவரும்தான். அறையை 23, 24 டிகிரியில் நிலையாக வைத்து, வந்தவரைக் குறைந்தது பதினைந்து நிமிடம் அங்கே அமரவைத்து, விரல் வெப்பம் ஓரிடத்தில் நிலைகொண்ட பிறகே பதிவைத் தொடங்க வேண்டும். குளிர்சாதனத்தின் காற்று நேராகக் கையில் படக் கூடாது. வரும் வழியில் டீ குடித்தாரா, புகைத்தாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். புகையிலை விரல் நுனியின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தோலின் மின்கடத்துத்திறனை அளக்கும் அமர்வுகளுக்கும் இதே நிபந்தனைகள் பொருந்தும்; புழுக்கத்தில் வரும் வியர்வையும் பதற்றத்தில் வரும் வியர்வையும் உணரிக்கு ஒன்றுதான்.

அடுத்தது தலை எண்ணெய். நன்றாக எண்ணெய் வைத்து, படிய வாரி, பூ வைத்து அனுப்பப்படும் சிறுமியின் தலையில், மூளை அலையைப் பதியும் மின்முனை ஒட்டாது. ஒட்டினாலும் தோலுக்கும் மின்முனைக்கும் இடையே மின்தடை உயர்ந்து, காண்பதெல்லாம் இரைச்சலாக இருக்கும். முந்தைய நாள் சீயக்காயோ ஷாம்புவோ தேய்த்துக் குளித்து, மறுநாள் எண்ணெய் வைக்காமல் வரும்படி முதல் சந்திப்பிலேயே சொல்லி, அதை ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். எண்ணெய் வைக்காமல் பிள்ளையை வெளியே அனுப்புவதா என்று பாட்டிமார் தயங்குவார்கள். காரணத்தை அவர்களிடமும் சொல்லிவிட்டால் அடுத்த முறை அவர்களே நினைவூட்டுவார்கள். மின்முனை வைக்கும் இடத்தை உராய்வுப் பசையால் மென்மையாகத் தேய்த்து, கடத்துப் பசை வைத்து, மின்தடை 5 கிலோ ஓம்முக்குக் கீழே வந்த பிறகே பதிவு செய்யும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அங்கிருந்து வரும் மென்பொருள்களில் மின்கம்பி இரைச்சலை நீக்கும் வடிகட்டி 60இல் அமைக்கப்பட்டிருந்தால் அதை 50க்கு மாற்றும்வரை கோடுகள் தடித்து, மங்கித் தெரியும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பத் துணிந்தவர்களை நான் அறிவேன். மடிக்கணினியை மின்கலத்தில் ஓட்டுவது இரைச்சலையும் குறைக்கும், நோயாளியின் பாதுகாப்புக்கும் நல்லது. மின்விசிறிக் காற்றில் கம்பிகள் ஆடினால் மெதுவான அலைகள் போலப் பதிவாகும். கம்பிகளைச் சேர்த்துப் பின்னி, தோளருகே ஒட்டிவிடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் அமர்வு வைக்காதீர்கள். குளிர்சாதனம் நின்ற அறையில் எடுத்த பதிவை முந்தைய வாரத்தோடு ஒப்பிட முடியாது.

தோள்பட்டைத் தசையில் உணரி ஒட்டுவதற்கு ஆடையை விலக்க வேண்டியிருக்கும். பெண் நோயாளிகளுக்கு இதைப் பெண் உதவியாளர் ஒருவர் செய்ய, கதவோரம் திரையும் இருக்க வேண்டும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி இதைவிடப் பன்மடங்கு நுட்பமானது; அதற்கெனத் தனியாகப் பயிற்சி பெறாமல் தொடவே கூடாது.

மூச்சைச் சொல்லித்தரும் தமிழ்

இதயத் துடிப்பு மாறுபாட்டுப் பயிற்சி எளிதில் கற்கக்கூடியது, கருவியும் விலை குறைந்தது. நோயாளிகளிடம் பெரும்பாலோர் இதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், வெளிவிடும்போது தணியும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு என்ற வேகத்தில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலோருக்கு உச்சத்தை அடைகிறது. ஆளுக்கு ஆள் இது 4.5 முதல் 6.5 வரை மாறும் என்பதால், ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு நிமிடம் மூச்சுவிடச் செய்து, எதில் அலை மிகப் பெரிதாகவும் சீராகவும் எழுகிறது என்று பார்த்து அவருக்குரிய வேகத்தைக் கண்டறிய வேண்டும். கருவியைக் கையாள்வதைவிட இங்கே கடினமானது பேச்சு. நம் ஊரில் யாரிடமாவது ‘மூச்சை இழுத்து விடுங்க’ என்று சொன்னால், ஸ்டெதஸ்கோப் வைத்த மருத்துவர் முன் அமர்ந்ததுபோல நெஞ்சு விரிய இழுத்துப் பலமாக ஊதுவார்கள். நான்கைந்து முறை அப்படிச் செய்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை கிறுகிறுத்து, விரல்கள் மரத்துப்போகும். படபடப்புக்காக வந்தவருக்கு அந்தப் படபடப்பையே நாம் வரவழைத்திருப்போம். எனவே இழுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ‘மெதுவா விடுங்க, உள்ளே வர்றது தானா வரும்’ என்று வெளிமூச்சை மட்டும் சொல்லித் தருகிறேன். சூடான கஞ்சியின் மேல் ஆடை கலையாமல் ஊதுவதுபோல என்று சொன்னால் கிராமத்துப் பெரியவர்களுக்கு உடனே பிடிபட்டுவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீண்டகாலச் சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களிடமும், துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களிடமும் இந்த ஏற்ற இறக்கம் சிறிதாகவே இருக்கும். ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களிடம் கருவி காட்டும் எண்கள் பொய்யாகப் பெரிதாகவும் இருக்கும். நோயாளி கொண்டுவரும் மாத்திரைப் பையை மேசைமேல் கொட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளாமல் முதல் அமர்வைத் தொடங்காதீர்கள். தளர்வுப் பயிற்சி பலிக்கத் தொடங்கினால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மாறக்கூடும். மருந்தளவை மாற்றுவது அவருடைய மருத்துவரின் முடிவு, நம்முடையது அன்று.

தலையில் கம்பி ஒட்டும்போது

நியூரோஃபீட்பேக் கற்பவர் முதலில் தையல் நாடா ஒன்றை வாங்கட்டும். மூக்கின் மேற்பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் மேடு வரையிலும், ஒரு காதின் முன்பள்ளத்திலிருந்து மறு காது வரையிலும் அளந்து, இரண்டின் நடுப்புள்ளிகளும் சந்திக்கும் உச்சியைக் குறிப்பது முதல் பாடம். அதற்கு சி.இசட். என்று பெயர். காதிலிருந்து காதுக்கு 36 செ.மீ. இருந்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கான 7.2 செ.மீ. இடப்பக்கம் தள்ளினால் சி3 என்னும் புள்ளி கிடைக்கும். பத்து-இருபது முறை எனப்படும் இந்த அளவீட்டைக் குடும்பத்தார், நண்பர்கள் என்று முப்பது தலைகளிலாவது அளந்து பழகுங்கள். மின்முனைகள் பதித்த தொப்பியை மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களின் மின்முனை இரண்டு செ.மீ. தள்ளி அமர்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கெட்ட பதிவை வேண்டுமென்றே உண்டாக்குங்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள், பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள், விழுங்கச் சொல்லுங்கள், புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள்; ஒவ்வொன்றும் திரையில் எப்படித் தெரிகிறது என்று பெயரிட்டுச் சேமியுங்கள். நெற்றியருகே வைத்த மின்முனையில் கண் சிமிட்டல் பெரிய மெதுவான அலையாகவும், தாடை இறுக்கம் அடர்ந்த பீட்டாவாகவும் வேடமிடும். பிறகு கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள்; மூடியபோது தலையின் பின்பகுதியில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் ஆல்ஃபா எழுந்து, திறந்ததும் பெரும்பாலோரிடம் அடங்கும். 1929இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் வெளியிட்ட காலத்திலிருந்து அறியப்பட்ட இந்த மாற்றம், உங்கள் மின்முனைகள் உண்மையில் மூளையைத்தான் கேட்கின்றனவா என்பதற்கு எளிய சோதனை.

அலை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டால் திரையில் மணி ஒலித்து வெகுமதி தரும்; அந்த எல்லையை மென்பொருள் தானாக நகர்த்திக்கொள்ளும் வசதியை முதலிலேயே நம்ப வேண்டாம். குழந்தை சோர்ந்து அலை மோசமானாலும், எல்லையும் சேர்ந்து தாழ்ந்து, திரையில் வெற்றி மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். எல்லையை நீங்களே வைத்து, ஏன் வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

மற்றொன்று, நம் மக்களின் அச்சம். தலையில் கம்பி ஒட்டப்போகிறோம் என்றதும் ‘கரண்ட் வைப்பீங்களா?’ என்று கேட்காத குடும்பம் குறைவு. மனநல மருத்துவமனையின் ஷாக் சிகிச்சையைப் பற்றிக் கேட்டறிந்த அச்சம் அது. இந்தக் கருவி தலைக்குள் எதையும் அனுப்புவதில்லை, தலையிலிருந்து வருவதைக் கேட்க மட்டுமே செய்கிறது என்று சொல்லுங்கள். முதலில் உங்கள் தலையிலோ, உடன் வந்த தந்தையின் தலையிலோ ஒட்டிக் காட்டுங்கள். வலிப்பு நோய் உண்டா என்ற கேள்வியை மட்டும் மறக்கவே கூடாது. இருந்தால் நரம்பியல் மருத்துவருக்குத் தெரிவிக்காமல் தொடங்க வேண்டாம்.

எதற்குப் பயன், எதற்கு இல்லை

பயிற்சியின் ஒரு பங்கு ஆய்வுகளைப் படிக்கக் கற்பது. ஒற்றைத் தலைவலி, தசை இறுக்கத் தலைவலி, இடுப்புத்தளத் தசை ஒத்திசையாததால் வரும் மலச்சிக்கல், சிறுநீர்க் கசிவு ஆகியவற்றில் பயோஃபீட்பேக்குக்கு நல்ல சான்றுகள் உள்ளன. கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு உள்ள குழந்தைகளுக்கு நியூரோஃபீட்பேக் தருவதில் நிலைமை வேறு. அமெரிக்க ஆய்வாளர் பேரி ஸ்டெர்மன் 1960களில் பூனைகளிடம் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அலையைப் பயிற்றுவித்ததும், 1970களில் உளவியலாளர் ஜோயல் லூபர் அதைக் குழந்தைகளிடம் கொண்டுசென்றதும் பெரும் நம்பிக்கையை எழுப்பின. ஆனால் 2021இல் வெளியான, 7 முதல் 10 வயதுள்ள 144 குழந்தைகளைக் கொண்ட இருபுறமும் மறைக்கப்பட்ட (யாருக்கு உண்மைப் பயிற்சி என்பது குழந்தைகளுக்கும் பயிற்சி தருபவர்களுக்கும் தெரியாத) ஆய்வில், உண்மைப் பயிற்சி பெற்றவர்களும் போலிப் பயிற்சி பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினார்கள். இதை அறிந்துகொண்டே நாற்பது அமர்வுக்கு முன்பணம் வாங்குவது சரியன்று என்று நினைக்கிறேன். என்னிடம் வரும் பெற்றோரிடம் இந்த ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன். நடத்தைப் பயிற்சியையும் மருத்துவரின் ஆலோசனையையும் முதலில் வைக்கிறேன். அதற்குப் பிறகும் விரும்பினால், பத்து அமர்வுக்குப் பின் பள்ளி ஆசிரியரின் மதிப்பீட்டைப் பார்த்துத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வோம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறோம்.

வழிகாட்டியிடம் எதைக் கொண்டுபோவது

நன்றாக முடிந்த அமர்வுகளைக் காட்டிப் பாராட்டுப் பெறுவதற்கு வழிகாட்டி தேவையில்லை. குழம்பிய பதிவை, மூன்றாம் வாரம் வராமல் நின்றவரை, தளர்வுப் பயிற்சியில் திடீரென அழுதவரைக் கொண்டுபோங்கள். கண் மூடி அமைதியாக அமர்ந்ததும் பதற்றம் கூடிவிடும் சிலர் உண்டு. கடந்தகாலக் கொடுமைகளைச் சுமப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அப்போது கண்ணைத் திறக்கச் செய்து, அமர்வைச் சுருக்கி, பேச்சுச் சிகிச்சைக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வோர் அமர்வுக்கும் தேதி, மின்முனை இடம், மின்தடை, அறை வெப்பம், மாத்திரைகள், முந்தைய இரவுத் தூக்கம், தொடக்க அளவு, இறுதி அளவு ஆகியவற்றை ஒரே படிவத்தில் எழுதி வந்தால் வழிகாட்டியின் நேரமும் உங்கள் டாலரும் மிச்சமாகும். நோயாளியின் பெயரும் ஊரும் அந்தக் கோப்பில் இருக்கக் கூடாது; பதிவைப் பகிர்வதற்கு அவருடைய எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும்.

சிகிச்சையை முடிக்கும் விதத்தையும் வழிகாட்டியின் கண்முன் ஒருமுறையாவது செய்து பாருங்கள். கடைசி நான்கைந்து அமர்வுகளில் திரையை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒலியையும் நிறுத்திவிட்டு, அவரைத் தாமாகவே விரலைச் சூடேற்றவோ தோளைத் தளர்த்தவோ சொல்ல வேண்டும். முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றும்போது கையை உயர்த்தட்டும். நாம் திரையில் பார்த்துச் சரியா என்று சொல்வோம். தொடர்ந்து மூன்று அமர்வுகளில் அவர் சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போனால் கோப்பை மூடலாம். மூன்று மாதம் கழித்து, பேருந்து ஏறி வரச் சொல்லாமல், தொலைபேசியில் அழைத்து, தலைவலிக்காக வந்தவரானால், வலி வந்த நாள்களை அவர் குறித்துவைக்கும் நாட்குறிப்பை மட்டும் படிக்கச் சொல்லிக் கேட்டு, அந்த எண்ணிக்கையைக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.